தட்டையான தாளை எழுந்து நிற்க வைப்பது: சின்னப் பிள்ளைகளுக்குக் காகிதச் சிற்பம் சொல்லித்தருவது பற்றி

நாலு வயதிலிருந்து ஏழு வயது வரையான பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு விடுமுறை வகுப்பில் காகிதச் சிற்பம் சொல்லித்தரப் போகிறேன், இலை, பூ, கிளிஞ்சல் என்று இயற்கையை ஒட்டிச் செய்ய ஆசை, ஆனால் முன்பு முயன்றபோது எல்லாமே கடைசியில் அட்டையில் ஒட்டிய படமாகத்தான் முடிந்தது, எனக்கும் கைவேலையில் பெரிய பழக்கமில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கைவேலைப் பழக்கம் இல்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தட்டையாகப் போனதற்குக் காரணம் அது இல்லை. "இன்றைக்குப் பூ செய்வோம்" என்று ஆரம்பித்தால் பிள்ளை தனக்கு ஏற்கெனவே வரையத் தெரிந்த பூவைத்தான் வெட்டும். நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஐந்து இதழ், கீழே ஒரு தண்டு. அதில் ஒன்றும் தப்பில்லை, ஆனால் அது படம். அதனால் பூவைச் சொல்லித்தராதீர்கள். தாள் எப்படி எழுந்து நிற்கும் என்பதைச் சொல்லித்தாருங்கள், பூவை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

அப்படியென்றால் இயற்கை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். இலைக்கும் இதே சிக்கல்தான் இருக்கிறது. மெல்லியதாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், அதே சமயம் தொங்கி விழாமல் வெளிச்சத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். நீளமான ஒரு புல்லைப் பிடுங்கிக் குறுக்குவாட்டில் பாருங்கள், நடுவில் லேசாகப் பள்ளமாக வளைந்திருக்கும். அந்தப் பள்ளத்தை விரலால் அழுத்தித் தட்டையாக்கினால் அந்த இடத்திலேயே மடங்கித் தொங்கிவிடும். பனை ஓலை வரிசையாக மடிந்திருக்கிறது. கிளிஞ்சலின் முதுகில் மேடும் பள்ளமுமாக வரிகள். எடையைக் கூட்டாமல் மடிப்பாலும் வளைவாலும் விறைப்பை வாங்கிக்கொள்கிற தந்திரம் இது, தாளுக்கும் அப்படியே பொருந்தும். பச்சைத் தாளில் இலை வடிவம் வெட்டுவதைவிட இந்தத் தந்திரத்தைப் பிள்ளை தன் கையால் உணர்ந்தால்தான் இயற்கையைப் பார்த்துச் செய்தது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

முதல் வகுப்பில் பசையும் வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியில் 1920களில் யோசெப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர் தொடக்கநிலை மாணவர்களுக்குச் செய்தித்தாள்களைக் கொடுத்து, இதை வீணாக்காமல் எதையாவது உருவாக்குங்கள், கூடுமானவரை கருவியும் பசையும் இல்லாமல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, விமானம், விலங்கு என்று என்னென்னவோ இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, தாளை மேலிருந்து கீழாக மடித்துத் திரைத்தட்டி மாதிரி நிறுத்தி வைத்திருந்த ஒரு மாணவரின் வேலையைத்தான் அவர் பாராட்டினார் என்று அங்கே படித்த ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மற்றதையெல்லாம் வேறு பொருளிலும் செய்துவிடலாம், மடித்து நிறுத்துவது தாளுக்கே உரியது என்பதுதான் விஷயம். அவர்கள் பெரியவர்கள், ஆனால் இந்தப் பயிற்சி நாலு வயதுக்கும் சரியாக இருக்கும்.

ஆளுக்கு ஒரு சாதாரண ஏ4 தாள் கொடுங்கள், பிரிண்டருக்குப் போடும் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு, எண் கூடினால் தாள் தடிமன்) தாளே போதும். "இதைக் கையை எடுத்ததும் விழாமல் நிற்க வைக்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு பிள்ளை கசக்கிப் பந்தாக வைக்கும், ஒன்று உருட்டிக் குழலாக்கும், ஒன்று நடுவில் மடித்துக் கூடாரமாக்கும். எல்லாமே சரியான விடைதான். அப்புறம் இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு தாளைப் பாலமாக வைத்து அதன் மேல் ஒரு பென்சிலை வையுங்கள், தாள் தொய்ந்து பென்சிலோடு விழும். அதே அளவுத் தாளை ஒரு விரல் அகலத்துக்கு முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பு மடித்துப் பாலமாக வையுங்கள், மடிப்புகள் ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்கு ஓடும்படி. இப்போது பென்சில் பெட்டியே நிற்கும். பிள்ளைகள் இதைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். அந்தச் சூட்டிலேயே ஒரு பனை ஓலையையோ வரிவரியான கிளிஞ்சலையோ கையில் கொடுத்துவிடுங்கள், விளக்கவுரை தேவைப்படாது.

பார்ப்பது என்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஐந்தே நிமிடம், ஆனால் ஒதுக்குங்கள். கீழே விழுந்து கிடக்கிற இலை, விதைக்காய், பட்டை, இறகு, ஓடு போதும், செடியிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. அரிப்பு உண்டாக்கும் இலையோ பால் வடியும் செடியோ கலந்திருக்கிறதா என்று முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். இதன் பெயர் என்ன என்று கேட்கவே கேட்காதீர்கள், பெயர் சொன்னதும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும். கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் குழிந்திருக்கிறது, முதுகும் வயிறும் ஒரே மாதிரியா, ஓரம் எங்கே சுருள்கிறது, தண்ணீர் ஊற்றினால் எந்த வழியாக ஓடும்? கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் இலையை மேடு பள்ளமுள்ள நிலமாகப் பார்த்தே ஆக வேண்டும்.

நாலு வயதுக்காரர்களுக்குக் கிழிப்பதுதான் வெட்டு. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், கிழித்த ஓரத்தில் வரும் மெல்லிய நார், மரப்பட்டைக்கும் இறகுக்கும் மேகத்துக்கும் கத்தரித்த ஓரத்தைவிட நூறு மடங்கு பொருத்தம். ஆனால் கிழிக்கவும் சொல்லித்தர வேண்டும். இரண்டு கைக் கட்டைவிரல்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, தாளை இரண்டு கையாலும் கிள்ளிப் பிடித்து, ஒரு கையைத் தன்னை நோக்கியும் மற்றதை வெளியேயும் கொண்டுபோக வேண்டும். கைகள் தள்ளித்தள்ளி இருந்தால் தாள் கிழியாது, அல்லது படாரென்று குறுக்கே போய்விடும். செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராக வரும், தாளைக் குறுக்குவாட்டில் திருப்பிப் பிடித்துக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் கூழ் ஓடுகிற திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படிந்துவிடுவதால் வருவது இது. சுருட்டும்போதும் அப்படித்தான், குழலின் நீளம் நார் ஓடும் திசையிலேயே அமையும்படி சுருட்டினால் தாள் சொன்னபடி கேட்கும், எதிராகச் சுருட்டினால் முரண்டு பிடிக்கும், சில சமயம் உடையவும் செய்யும். "என்னுடையது மட்டும் சுருளவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால் தாளைக் குறுக்குவாட்டில் திருப்பிச் சுருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நார் என்று பேச்சு வந்துவிட்டால் காகிதக் குளவியைப் பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள். அது பட்டுப்போன மரத்தைச் சுரண்டி, மென்று, எச்சில் கலந்து காகிதமாக்கிக் கூடு கட்டுகிறது. ஐரோப்பாவில் கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்துகொண்டிருந்த காலத்தில், 1719இல், ரேயோமூர் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இந்தக் குளவியைக் காட்டி, மரத்திலிருந்தே காகிதம் செய்யலாமே என்று சொன்னார். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய செய்தி. கையோடு கூடும் கட்டிவிடலாம்: ஒவ்வொருவரும் இரண்டு விரல் அகலத் தாள் பட்டைகளைச் சின்னக் குழல்களாக ஒட்டட்டும், எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கி நூலால் கட்டினால் வட்டமாக இருந்த குழல்கள் ஒன்றையொன்று அழுத்திக் கிட்டத்தட்ட அறுகோணமாகும். கூட்டாகச் செய்ய இதைவிட எளிதான வேலை இல்லை, யாருடைய குழல் கோணலாக இருந்தாலும் உள்ளே மறைந்துவிடும்.

இனி இலை. ஒரே ஒரு பாடம் நடத்த நேரம் இருந்தால் நான் இதைத்தான் நடத்துவேன். சார்ட் பேப்பரைவிடக் கொஞ்சம் மெல்லிய, 100 முதல் 120 ஜிஎஸ்எம் தாளில், உள்ளங்கை அளவுக்கு ஒரு இலை வெட்டச் சொல்லுங்கள், வடிவம் எப்படியும் இருக்கட்டும். நீளவாக்கில் நடுவில் மடித்துத் திறந்தால் நடுநரம்பு வந்துவிடும். இப்போதே அது பாதி எழுந்துவிட்டது. அப்புறம் காம்புப் பக்கத்திலிருந்து அந்த நடுக்கோட்டின் மேலேயே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு, அதற்கு மேல் போக வேண்டாம். வெட்டின இரண்டு ஓரங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அரை சென்டிமீட்டர் ஏற்றிவைத்து, ஒரு சொட்டுப் பசை. அடிப்பக்கம் குழிந்து, இலை முழுதும் கிண்ணம் போல எழும்பும். தட்டையான ஒன்று அந்த நொடியில் உருவம் பெறுவதைப் பிள்ளையின் முகத்தில் பார்க்கலாம். ஓரத்தை எவ்வளவு ஏற்றிவைக்கிறோமோ அவ்வளவு குழிவு. இதையே ஐந்து சின்ன இதழ்களுக்குச் செய்து சேர்த்தால் பூ, நிறைய இதழ்களை அடுக்கினால் தாமரை, நீளமாக வெட்டி ஓரத்தை நறுக்கி விட்டால் இறகு. தனித்தனியாகப் பூ பாடம், இறகுப் பாடம் என்று வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்து ஆறு வயதுக்காரர்களுக்கு இன்னொரு படி உண்டு. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை வைத்து, அடியில் மடித்த செய்தித்தாள் போட்டு, இலையின் நடுவில் நேர்கோட்டுக்குப் பதில் ஒரு வளைகோடு அழுத்திப் போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டில் மெதுவாகக் கிள்ளிக் கிள்ளி மடித்தால் ஒரு பக்கம் மேடாகவும் மறு பக்கம் பள்ளமாகவும் தானாகவே வளைந்துகொள்ளும். அவசரப்பட்டால் தாள் வேறெங்கோ மடங்கிவிடும், நுனியிலிருந்து அடிவரை விரல் விரலாக நகர வேண்டும். இதற்கு 150 ஜிஎஸ்எம் அளவுக்குக் கொஞ்சம் தடித்த தாள் நல்லது. மெல்லிய தாளில் கோடு போடும்போதே கிழியும்.

உருண்டையானவற்றை முதலில் எடுக்காதீர்கள். பழம், வண்டின் முதுகு, பறவையின் வயிறு எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் தட்டையான தாளை நீட்டாமல் சுருக்காமல் கோளமாக்க முடியாது, காவுஸ் என்ற கணிதமேதை 1827லேயே அதற்கான காரணத்தைக் கணக்காக எழுதிவைத்துவிட்டார். உருளையாகவும் கூம்பாகவும் தாள் மகிழ்ச்சியாக வளையும், பந்தாகச் சொன்னால் சுருக்கம் விழும். பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும், பாவம். உருண்டை வேண்டுமென்றால் ஒரே நீளமுள்ள எட்டுப் பட்டைகளை நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நட்சத்திரம் போல ஒட்டி, நுனிகளையெல்லாம் மேலே கூட்டிப் பிடித்து ஒட்டுங்கள், இடைவெளிகளோடு ஒரு விதைக்காய் கிடைக்கும். அதற்குள் ஒரு சின்னக் காகித விதையைப் போட்டு ஆட்டிப் பார்ப்பது அவர்கள் பாடு.

விசிறி மடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஹார்ன்பீம், பீச் போன்ற ஐரோப்பிய மரங்களின் இலைகள் மொட்டுக்குள் நரம்பு நரம்பாக நெளிந்து மடிந்து கிடந்து, மொட்டு விரியும்போது அந்த மடிப்புகள் நீண்டு விரிகின்றன. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோரியோ மியூரா உருவாக்கிய ஒரு மடிப்பும் இதே குடும்பம்தான், 1995இல் ஏவப்பட்ட ஒரு ஜப்பானிய விண்கலத்தில் சூரியத் தகடு அந்த மடிப்பில் போய் விண்ணில் விரிந்தது. சின்னப் பிள்ளைக்கு மியூரா மடிப்பு கடினம், அதை நீங்கள் வீட்டில் மடித்துக் கொண்டுபோய் இரண்டு மூலையைப் பிடித்து இழுத்துக் காட்டுங்கள், அது போதும். அவர்கள் செய்வதற்கு எளிய வழி: இலை வடிவத்தை நீளவாக்கில் மடித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, மடிப்போரத்துக்குச் சாய்வாக, விசிறி போல முன்னும் பின்னும் மடிக்க வேண்டும். திறந்தால் நடுநரம்பும் பக்க நரம்புகளும் சேர்ந்தே நிற்கும். செங்குத்தாக மடித்தால் நரம்புகள் நேராக நிற்கும், சாய்த்து மடித்தால்தான் இலையாகும். இந்த ஒரு வித்தியாசத்தை ஆறேழு வயதுப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

நத்தைக்கு ஒரு வட்டத்தை ஓரத்திலிருந்து நடுவரை சுருளாக வெட்டினால் ஆச்சு. நடுவைப் பிடித்துத் தூக்கினால் கொடி, வெளி நுனியிலிருந்து உள்ளே சுருட்டினால் ரோஜா, கீழே வைத்தால் பாம்பு.

மரம் செய்வதுதான் எல்லாரும் கேட்பது, எல்லாரும் தடுமாறுவதும் அங்கேதான், ஏனென்றால் அது நிற்காது. உயரமான குழலின் அடியில் நாலைந்து வெட்டு வெட்டி வெளியே மடித்தால் பாதம் வந்துவிடும். ஆனால் இலவ மரத்தைப் பாருங்கள், அடிமரத்திலிருந்து பலகை பலகையாக வேர்கள் பக்கவாட்டில் இறங்கியிருக்கும். அதே போல முக்கோணத் துண்டுகள் மூன்று வெட்டி, ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு விட்டு, அடியில் மூன்று பக்கம் ஒட்டினால் மரம் அசையாது. மேலே குழலை நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டி, இரண்டு இரண்டு பட்டையாகச் சேர்த்து முறுக்கினால் கிளை. பழுப்பு நிறப் பொட்டலத் தாளைக் கசக்கிப் பிரித்து, மறுபடி கசக்கிப் பிரித்துச் செய்தால் முறுக்குவதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும், பட்டை போலவும் இருக்கும். கிளையில் இலை ஒட்டும்போது ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், "கீழே இருக்கிறவனுக்கு வெயில் வேண்டாமா?" என்று கேட்டால் போதும். நிறையச் செடிகள் அப்படித்தான் சுற்றிச் சுற்றி இலை விடுகின்றன.

கத்தரிக்கோலைப் பற்றிச் சுருக்கமாக. கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், திரும்ப வேண்டியது தாள்தானே தவிர கத்தரி இல்லை. முதல்முறை பிடிப்பவர்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டை கொடுத்து ஒரே நறுக்கில் துண்டாகட்டும், அதுவும் கொஞ்சம் விறைப்பான தாளாக, ஏனென்றால் மெல்லிய தாள் கத்தரி அலகுகளுக்கு நடுவே போய் மடங்கிக்கொள்ளும். இடதுகைப் பிள்ளை இருந்தால் இடதுகைக் கத்தரிக்கோல் வாங்கிவையுங்கள். சாதாரணக் கத்தரியை இடதுகையால் பிடித்தால் விரல் அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும், தாள் வெட்டுப்படாமல் மடங்கும், பிள்ளை சோம்பேறி என்று பெயர் வாங்கும். பேனாக் கத்தி உங்கள் கையில் மட்டும், அதுவும் வகுப்புக்கு முன்பே.

பசைதான் பெரும்பாலான சிற்பங்களைக் கொல்கிறது. வெள்ளைப் பசையைப் பாட்டிலோடு கொடுக்காதீர்கள், மூடியில் கொஞ்சம் ஊற்றி ஒரு குச்சி கொடுங்கள். நிறையப் பசை என்றால் நிறைய ஈரம், தாள் ஊறித் தொய்ந்து, வாங்கிய வளைவையெல்லாம் இழந்துவிடும். ஒரு சொட்டு வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தெரியாதவருக்குத் துணி மாட்டும் கிளிப். ஒட்டவே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது: இரண்டு தாள்களிலும் பாதிவரை ஒரு வெட்டு விட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகினால் குறுக்காக நிற்கும், பிடிக்கவில்லையென்றால் கழற்றி வேறொன்று செய்யலாம்.

நிறம் விஷயத்தில் என்னோடு பலர் ஒத்துப்போக மாட்டார்கள். முதல் சில வகுப்புகளுக்கு வெள்ளைத் தாள் மட்டும் என்பேன். வண்ணத்தாள் கொடுத்தவுடன் பச்சை என்றால் இலை, சிவப்பு என்றால் பூ என்று முடிவாகிவிடுகிறது, வடிவத்தைப் பற்றி யோசிக்க எதுவும் மிச்சமில்லை. வெள்ளையில் இருப்பது நிழல் மட்டுமே. ஜன்னலை மூடிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் அடியுங்கள், யாருடைய இலை எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள், திரும்பி மேசைக்கு ஓடி இன்னொரு மடிப்புப் போடுவார்கள். வண்ணம் அதற்கப்புறம் வரட்டும்.

நீங்கள் என்ன செய்யக்கூடாது என்பதும் உண்டு. செய்து முடித்த மாதிரியைக் கொண்டுபோய் மேசையில் வைக்காதீர்கள், பன்னிரண்டு பேரும் அதன் நகலைச் செய்யப் பார்ப்பார்கள், பதினொரு பேர் தோற்பார்கள். பிள்ளையின் தாளைக் கையில் வாங்கிச் சரிசெய்யாதீர்கள், காட்ட வேண்டுமென்றால் உங்கள் கையில் வேறொரு தாளை வைத்துக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் "சூப்பர், அழகா இருக்கு" என்று சொல்வதும் வேண்டாம், "இந்த ஓரத்தை இரண்டு தடவை சுருட்டியிருக்கிறாயே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் அது போதும். என்ன இது என்று கேட்காதீர்கள், சில சமயம் அது எதுவாகவும் இருக்காது, வெறுமனே நிற்கிற ஒரு பொருளாக இருக்கும், அதுவும் சரிதான்.

பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு மேசையாகப் பிரித்து, இன்னொரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு வயதுக்காரர்களையும் ஏழு வயதுக்காரர்களையும் கலந்து உட்காரவைத்தால் பெரியவர்கள் சின்னவர்களுடையதைத் தாங்களே செய்து கொடுத்துவிடுவார்கள், அதனால் வயதுவாரியாக உட்காரட்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ஸ்டேப்ளர் உங்கள் பையிலேயே இருக்கட்டும், குத்திவிட்டுப் பின் முனைகளின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்துவையுங்கள். அடுத்த வகுப்புக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறவர்கள் நேராக அந்தப் பெட்டியிடம்தான் போவார்கள்.